கையில் கொடுத்தால் ஆகாதா?

கிறிஸ்துமஸுக்காக ஒரு மாதிரி விமானம் செய்துகொண்டிருக்கிறேன். ஃபோம் ஷீட்டில் வெட்டிய இரட்டை இறக்கை விமானம். மூக்கில் கலைமான் கொம்பு, விமானி இருக்கையில் பஞ்சுத்தாடியுடன் கிறிஸ்துமஸ் தாத்தா, வயிற்றில் சின்ன மோட்டார் இழுத்தால் திறக்கும் ஒரு கதவு. அதன் வழியே மிட்டாய்ப் பொட்டலம் விழ வேண்டும். அக்கா பார்த்துவிட்டு, "பிள்ளைங்களுக்கு மிட்டாய்தானே, கையில கொடுத்தா ஆகாதாடா?" என்றாள். நியாயமான கேள்வி. வெட்டும்போதும் ஒட்டும்போதும் அதுதான் மனத்தில் ஓடுகிறது.

கையில் கொடுக்காமல் வானிலிருந்து போட்டவர் முன்பே ஒருவர் உண்டு. அமெரிக்காவில் மேய்ன் மாநிலக் கடலோரத்தில் வில்லியம் வின்கபா என்றொரு விமானி இருந்தார். மோசமான வானிலையிலும் தீவுகளுக்குப் பறந்தவர். கலங்கரை விளக்கங்களின் ஒளிதான் அவருக்கு வழிகாட்டியது. 1929 கிறிஸ்துமஸ் அன்று செய்தித்தாள், காபி, மிட்டாய் என்று பொட்டலம் கட்டி, விளக்கைக் காத்த குடும்பங்களுக்கு விமானத்திலிருந்தே போட்டார். பிறகு அவர் மகன் சேர்ந்துகொண்டார். எட்வர்ட் ரோ ஸ்னோ என்ற எழுத்தாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். இன்று ஹெலிகாப்டரில் போகிறார்கள். காபியைப் படகிலும் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் யாருக்காக இரவெல்லாம் விளக்கு எரிந்ததோ, அவரே தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் போனாரே, அதைப் படகு கொண்டுவந்திருக்காது.

என் விமானம் விளையாட்டுக்குச் செய்வது என்பதற்காகக் காற்று விட்டுக்கொடுப்பதில்லை. வால்பக்கம் அலங்காரத்தைக் கூட்டினால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். விமானம் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, கீழே வரும். அதனால்தான் கொம்பு மூக்குக்குப் போயிற்று. மிட்டாய் அறை ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே இருக்கிறது, பாரம் இறங்கிய நொடியில் சமநிலை குலையக் கூடாதே. பெயின்ட் கனம் என்று கலர் டேப் ஒட்டினேன். இறக்கையின் மேல்பக்கம் முழுச் சிவப்பு, அடிப்பக்கம் வெள்ளைப் பட்டை. தூரத்தில் விமானம் புரண்டால் கண்ணுக்கு உடனே தெரியும். கொம்பின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்த வேலைக்கு அளவு வைக்க மேலதிகாரி இல்லை, கூலி இல்லை. இவ்வளவு மனம் ஒன்றி நான் செய்யும் வேலை வேறு இல்லை.

அக்காவுக்கு என் பதில் இதுதான்: கையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இப்படிச் செய்வதால், இத்தனை நாளும் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பொட்டலம் யார் தலையிலும் விழக் கூடாது. மைதானத்தின் காலியான பக்கத்தில்தான் போட வேண்டும், விமானம் கடந்த பிறகே பிள்ளைகள் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடலாம். மெல்ல இறங்க ஒவ்வொன்றுக்கும் க்ரேப் காகித வால். எல்லாம் ஒரே தடவையில் விழுந்தால் வேகமாக ஓடுகிற பிள்ளைகளுக்கே போய்விடும். எனவே அறையை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். முதல் சுற்று பெரிய பிள்ளைகளுக்கு. அவர்கள் பொறுக்கிக்கொண்டு திரும்பிய பிறகு, இரண்டாவது சுற்று பொடிசுகளுக்கு மட்டும்.