தூரதேசத்து ஜனங்கள்



கெட்ட குமாரனுடைய உவமையை நாம் எத்தனை தரம் கேட்டிருப்போம்! தகப்பனைப்பற்றிப் பிரசங்கம் உண்டு, மூத்தவனைப்பற்றி உண்டு, பன்றித் தவிட்டைப்பற்றியும் உண்டு. ஆனால் அவன் ஆஸ்தியை அழித்த அந்தத் தூரதேசத்து ஜனங்களைப்பற்றி யாராவது பேசினதுண்டா? அவன் காசை வாங்கினவர்கள் அவர்கள்தானே. அவனுக்குப் புத்தி தெளிந்தது, எழுந்து வீட்டுக்குப் போயிட்டான். அங்கே அவனுக்கு விருந்து. பஞ்சம் மட்டும் இவர்களோடே தங்கிவிட்டது.

பழவேற்காட்டு மீனவ வாலிபன் ஒருவன், ஏரியில் மீன் குறைந்துபோனதால் கொடைக்கானலுக்கு வண்டி ஓட்டப் போனவன், போன மாசம் ஊருக்கு வந்திருந்தான். ஆராதனை முடிந்ததும் கேட்டான்: "பாஸ்டரய்யா, வர்றவன் அவன் சொந்தக் காசுல போதை ஏத்திக்கிறான். காளான் மழைக்குத் தானா முளைக்குது. பறிச்சுக் குடுக்கிறவனுக்கு நாலு காசு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

பாவம் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைக்க எனக்கு மனசு வரவில்லை.

அவன் சொன்னது கொடைக்கானலுக்குப் பக்கத்திலுள்ள வட்டக்கானலை. கட்டாய ராணுவ சேவையை முடித்த இஸ்ரவேல் தேசத்து வாலிபர்கள் முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு வருஷாவருஷம் வந்து தங்கியதால், அதற்குக் 'குட்டி இஸ்ரேல்' என்றே பேராகிவிட்டது. (பரிசுத்த தேசத்துப் பிள்ளைகள் என்று நம்மில் சிலர் பூரித்துப்போகிறோம். அவர்களும் வாலிபர்கள்தான், யுத்த களைப்பைத் தொலைக்க வருகிறவர்கள்.) இப்போது நம்முடைய பட்டணத்துப் பிள்ளைகளும் அதே காளானைத் தேடிப் போகிறார்கள். அதிலுள்ள சைலோசைபின் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது.

இமாச்சலப் பிரதேசத்தில், குலு மாவட்டத்து மலையில் மலானா என்று ஒரு கிராமம். அவர்கள் பேசும் கனாஷி பாஷை பக்கத்து ஊருக்கே புரியாது. அந்நியன் தங்கள் கோவில் சுவரைத் தொட்டாலே அபராதம் போடுகிறவர்கள். அங்கே கஞ்சாச் செடியின் நாரில் கயிறும் செருப்பும் செய்து வந்தார்கள். வெளிநாட்டார் வந்த பிறகு, அதே செடியைக் கையில் தேய்த்தெடுக்கும் சரஸ்தான் ஊருக்குப் பிழைப்பாயிற்று. நாள் முழுக்கத் தேய்த்தாலும் சில கிராம்தான் தேறும்.

சட்டம் என்ன சொல்லுகிறது பாருங்கள். 100 கிராமுக்குக் குறைவாகச் சரஸ் வைத்திருந்தால் அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை. ஒரு கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது 10 வருஷம். பையில் கொஞ்சம் வாங்கிப்போகிறவன் முதல் கணக்கில் வருவான். வருஷ விளைச்சலை வீட்டில் சேர்த்துவைத்த குடியானவன் இரண்டாவது கணக்கில் வருவான். ஒருவனுடைய மூன்று மாத சந்தோஷத்துக்கு இன்னொருவன் பத்து வருஷத்தைப் பணயம் வைக்கிறான். நஷ்டம் இல்லையென்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் விற்கிறவன் குற்றமற்றவனா? அதுவும் இல்லை. நம்ம ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்மஸ் அன்று, சுற்றிப்பார்க்க வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. போகவேண்டுமென்று ஆசைப்பட்டார்கள், கூலி கொடுத்தார்கள், படகு போனது. ஆனால் 'அவங்க கேட்டாங்க, ஏத்தினோம்' என்கிற பதிலை அந்தப் பிரேதங்களுக்கு முன்னே நின்று யாரால் சொல்ல முடியும்? கேட்கிறவனுக்கு ஆசை கண்ணை மறைக்கும். தண்ணீரின் குணம் கரைக்காரனுக்குத்தான் தெரியும். தெரிந்தவனிடத்தில்தான் கணக்கும் கேட்கப்படும்.

இந்தக் கணக்கை நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலைபோடலாம் என்று 'பாடு' வைத்தது எதற்கு? கிடைக்கிறதையெல்லாம் இன்றைக்கே அள்ளினால் நாளைக்கு இங்கேயே இருக்கப்போகிறவன் பட்டினி என்பதற்காகத்தானே. மலானாவிலும் 2017-ல் தங்கும் விடுதிகளை மூடச் சொல்லி ஊர்க்கட்டளை பிறந்தது. அவர்கள் தேவதையின் பேரால் வந்த கட்டளைதான். ஆனாலும் ஏழைக் கிராமம் ஒன்று வருகிற வருமானத்தை வேண்டாமென்றதை நான் லேசாய் எண்ணமாட்டேன். செடி என்னவோ இன்னும் நின்றபாடில்லை.

வாலிபனிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினான். பிறகு, "வண்டியில ஏறினதும் காளான் எங்க கிடைக்கும்னுதான் முதல்ல கேப்பாங்கய்யா. வழி காட்டினா வாடகைக்கு மேல குடுப்பாங்க. தங்கச்சிக்கு ஐப்பசியில கல்யாணம் வச்சிருக்கு" என்றான். மறுநாள் காலை பொன்னேரி பஸ்ஸில் ஏறிப் போனான்.