கற்பு உடலைச் சார்ந்ததா, சித்தத்தைச் சார்ந்ததா?
கத்தோலிக்க அறநோக்கில் ஓர் ஆய்வு

ஒழுக்கவியல் ஆராயும் வினாக்களுள் பாலியல் தூய்மை பற்றிய வினா பெரிதும் கூச்சத்துடன் அணுகப்படுவதாகும். மறைக்கல்வி வகுப்பில் அது கட்டளையாகக் கற்பிக்கப்படுகின்றது. குடும்பத்தில் எச்சரிக்கையாக உணர்த்தப்படுகின்றது. ஊரில் வதந்தியாகப் பேசப்படுகின்றது. ஆயின், தூய்மை என்பது யாது, அது மனிதனின் எப்பகுதியில் உறைகின்றது, ஒருவர் அதனை எவ்வாறு இழக்கின்றார் என்னும் அடிப்படை வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவற்றிற்குக் கத்தோலிக்க மரபு அளித்துள்ள விடையை ஆராய்ந்து, அதிலிருந்து நமது வாழ்க்கைக்குப் பெறப்படும் முடிவுகளைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்க் கத்தோலிக்கர் துறவியர் கொடுக்கும் வார்த்தைப்பாட்டையும் மணவாழ்வின் ஒழுக்கத்தையும் 'கற்பு' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பதுண்டு. நமது இலக்கிய மரபிலே பெண்ணுக்கே பெரிதும் உரித்தாக்கப்பட்ட இச்சொல், இவ்வழக்கில் இருபாலார்க்கும் பொதுவான அறத்தின் பெயராகின்றது. இம்மாற்றம் சொல்லளவில் நின்றுவிட்டதா, கருத்தளவிலும் நிகழ்ந்துள்ளதா என்பது சிந்திக்கற்பாலது.

இப்பொருள்பற்றி எழுந்த சிந்தனைகளுள் புனித அகுஸ்தீனாரின் சிந்தனை தலையாயது. கி.பி. 354இல் வட ஆபிரிக்காவின் தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்த அவர், இளமையிலே ஒரு பெண்ணுடன் மணமின்றி வாழ்ந்து ஒரு மகனுக்குத் தந்தையானவர். உடலைத் தீமையின் உறைவிடமாகக் கருதிய மனிக்கேய நெறியில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஈடுபட்டிருந்தவர். தூய்மையைத் தருமாறு இறைவனை வேண்டிய அதே வேளையில், அதனை உடனே தந்துவிடலாகாதெனவும் தம் உள்ளம் வேண்டியதை அவர் தமது வாழ்க்கை வரலாற்று நூலில் மறைக்காது எழுதினார். ஈண்டு நாம் காண்பது அறியாமையன்று. நன்மை இதுவென அறிந்தும் அதனை முழுமையாக விரும்ப இயலாத சித்தத்தின் பிளவே அது. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அவருக்கு நேர்ந்த மனமாற்றத்தை, உடலின்மேல் உளம் கொண்ட வெற்றியெனக் கொள்வதினும், பிளவுண்ட சித்தம் ஒன்றுபட்டமை எனக் கொள்வதே பொருந்தும்.

இவ்வனுபவத்தின் பயனாகவே சோதனைக்கும் பாவத்திற்கும் இடையிலான எல்லையை அவரால் நுட்பமாக வரையறுக்க முடிந்தது. மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கவுரையில், பாவம் மூன்று படிகளில் நிறைவுறுவதாக அவர் காட்டுகின்றார். முதலாவது, நினைவாலோ புலன்களாலோ ஒன்று உள்ளத்திற் படுதல். இரண்டாவது, அதில் இன்பம் தோன்றுதல். மூன்றாவது, சித்தம் அதற்கு இசைதல். முதலாவது படி நமது ஆணைக்குக் காத்திருப்பதில்லை. தெருவிற் செல்வோன் கண்ணிலும், கைத்தொலைபேசித் திரையை நோக்குவோன் கண்ணிலும் அது அழையாமலே வந்து படுகின்றது. இசைவே பாவத்தை நிறைவாக்குவது. ஆகவே, சோதனைக்குட்பட்டமையாலேயே தாம் அசுத்தமடைந்ததாகக் கருதி மனம் நொந்து, அந்நோவிலே சோர்ந்து வீழும் இளைஞர், தமது மரபு தம்மீது சுமத்தாத சுமையைச் சுமக்கின்றனர்.

1274இல் மறைந்த புனித தோமஸ் அக்குவைனஸ் இச்சிந்தனையை மேலும் ஒரு படி வளர்த்தார். அரிஸ்ரோட்டிலைப் பின்பற்றி அவர் இருவகை மனிதரை வேறுபடுத்துகின்றார். ஒருவன் கொந்தளிக்கும் இச்சையை எதிர்த்து நின்று அதற்கு உடன்படாதிருக்கின்றான், இவன் தன்னடக்கமுடையவன். மற்றொருவனின் இச்சையே அறிவின் ஒழுங்கிற்கு இயைந்து அமைந்துவிட்டது, இவனே கற்புடையவன். முன்னையது போற்றத்தக்கதெனினும் பின்னையதே நிறைவான அறமாகும். எனவே கற்பென்பது இச்சையைக் கொன்றொழித்தலன்று. அதனை அன்பின் நெறியிற் பழக்குதலாகும். பழக்கத்தால் அமைவது ஒருநாளில் அமைவதன்று. பாவத்திற்கு ஏதுவான சந்தர்ப்பங்களை விலக்குமாறும், செபத்திலும் உழைப்பிலும் மனத்தைச் செலுத்துமாறும், தவறியபோது பாவசங்கீர்த்தனத்தின்வழி மீண்டும் எழுமாறும் திருச்சபை கூறிவரும் அறிவுரைகளை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

தூய்மை சித்தத்தைச் சார்ந்ததாயின், வன்முறைக்குட்பட்டவரின் நிலை யாது? இது வெறும் ஏட்டு வினாவன்று. 410இல் அலரிக்கின் தலைமையிலான விசிகோத்தியர் உரோமாபுரியைச் சூறையாடியபோது கிறிஸ்தவப் பெண்கள் பலர் வன்புணர்வுக்கு ஆளாயினர். அவர்கள் மானங்காக்க உயிர்துறவாததைச் சுட்டி ஏளனம் செய்தோரும் இருந்தனர். அகுஸ்தீனார் தமது 'இறைவனின் நகரம்' என்னும் பெருநூலின் முதற் பாகத்திலேயே இவ்வேளனத்திற்கு விடையிறுத்தார். கற்பு உள்ளத்தின் அறம். சித்தம் இசையாதவிடத்து, பிறனொருவனின் செயல் எவ்வாற்றானும் அதனைப் பறித்துவிடாது. பழி செய்தவனுக்கே உரியது என்பது அவரது முடிபு. அரசகுமாரனால் வன்புணரப்பட்டுத் தன்னையே குத்தி மாய்ந்த உலுக்கிரேசியாவை உரோமர் கற்பின் சிகரமாகக் கொண்டாடினர். அவள் குற்றமற்றவளாயின் குற்றமற்ற ஒருத்தி ஏன் கொல்லப்படல் வேண்டும் என அகுஸ்தீனார் வினவினார். அதே நூலில், துன்புற்றோருட் சிலரிடம் மறைவான செருக்கு இருந்திருக்கலாமென அவர் ஐயுறுவது நமக்கு ஏற்புடையதன்று. எனினும், ஒரு பேரரசின் மானக் கோட்பாட்டையே எதிர்த்து, உயிர்வாழத் துணிந்த பெண்களின் பக்கம் அவர் நின்றமை மறக்கற்பாலதன்று.

இந்நோக்கிலேயே புனித மரிய கொறற்றியின் வரலாற்றையும் அணுகுதல் தகும். இத்தாலியின் ஏழை விவசாயக் குடும்பத்துச் சிறுமியான அவள், தன்னைக் கெடுக்க முயன்ற அலெசாந்திரோ என்னும் இளைஞனாற் குத்தப்பட்டு, 1902 யூலை 6ஆம் திகதி, தனது பதினோராம் வயதில், அவனை மன்னித்து மரித்தாள். 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவளைப் புனிதையாக அறிவித்தார். இவ்வரலாறு சிலவேளைகளில், கற்பிழப்பதினும் சாவதே மேல் என்னும் பாடமாகச் சுருக்கப்படுகின்றது. அவ்வாறு சுருக்கின், எதிர்க்க வலியின்றியோ அச்சத்தால் உறைந்தோ உயிர்தப்பிய எத்தனையோ பெண்கள் தூய்மை இழந்தவராகின்றனர். அகுஸ்தீனாரின் கோட்பாடு அம்முடிவை ஏற்பதன்று. அச்சிறுமி தாக்குண்டு உயிர்தப்பியிருப்பினும் அவளது தூய்மை அணுவளவும் குறைந்திராது. அவளைப் புனிதையாக்கியது சித்தத்தின் உறுதியும், கொலைஞனின் மீட்பை விரும்பிய அன்புமேயாகும். இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்து மனந்திரும்பிய அலெசாந்திரோவின் பிற்கால வாழ்வு அவ்வன்பின் பயனைக் காட்டுகின்றது.

இனி, இக்கோட்பாட்டிற்கு எதிராக எழக்கூடிய தடையொன்றை நோக்குவோம். தூய்மை சித்தத்தைச் சார்ந்ததாயின், 'உள்ளம் தூயது; உடல் எவ்வாறொழுகினால் என்?' என ஒருவன் வாதிடலாமன்றோ? இது மனிக்கேயம் மறுவடிவிற் புகுதலேயாம். உடலை வெறுத்த அந்நெறியும் உடலைப் பொருட்படுத்தாத இவ்வாதமும், உடலை மனிதனிலிருந்து பிரித்தல் என்னும் ஒரே தவற்றிற் பிறந்தவை. 1979 முதல் 1984 வரை பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் புதன்கிழமைகளில் நிகழ்த்திய உரைத்தொடர், உடலின் வாயிலாகவே மனிதன் தன்னைப் பிறர்க்குக் கையளிக்கின்றான் என்பதை விரிவாக விளக்கியது. சித்தம் இசைந்து செய்யும் செயலில் உடலும் பங்குகொள்கின்றது. சித்தம் இசையாதவிடத்து உடல் துன்புறுகின்றதேயன்றிப் பாவம் செய்வதில்லை. இவ்வேறுபாட்டை மறத்தலாலேயே, ஒருபுறம் மனம்போன போக்கிற்கு விலக்கும், மறுபுறம் துன்புற்றோர்க்குத் தண்டனையும் வழங்கப்படுகின்றன.

இவ்வேறுபாட்டிலிருந்து காவல் பற்றிய தெளிவும் பிறக்கின்றது. மத்தேயு நற்செய்தியில் இயேசு இச்சையோடு நோக்குவோனையே விபசாரம் செய்தவனென்கின்றார். நோக்கப்பட்டவளை அங்கு அவர் குறைகூறவில்லை. புறக்காவலால் நிறை காக்கப்படாதென்பதை வள்ளுவரும் உணர்ந்திருந்தார். பிறன்மனை நோக்காமையை ஆண்மையின் இலக்கணமாகவே அவர் கண்டார். கற்பை இருபாலார்க்கும் பொதுவாக்குமாறு பாரதியார் கேட்டதும் இத்திசையிலேயாம். ஆயினும், நமது சமூகம் பெண்ணின் உடையையும் நடையையும் அளக்கின்றது. ஆணின் பார்வையை அளப்பதில்லை. விடுதிக் கதவுகளை நேரத்திற்கு அடைத்தலால் பாதுகாப்புக் கிடைக்கலாம், தூய்மை கிடைப்பதில்லை. அதனை ஒருவருக்காகப் பிறர் காத்தல் இயலாது.

தொகுத்து நோக்குமிடத்து, கத்தோலிக்க அறநெறி கூறும் தூய்மை பறிக்க இயலாதது. ஆனாற் கைவிட இயலுவது. பறிக்க இயலாதது என்பது துன்புற்றோர்க்கு ஆறுதல். கைவிட இயலுவது என்பது நம் அனைவர்க்கும் எச்சரிக்கை. வன்முறைக்கு ஆளான ஒருத்தியை நோக்கி அவள் எதனை இழந்தாள் என ஊர் வினவுமாயின், அவ்வினா பிறந்த உள்ளத்திலேயே தூய்மை முதலிற் குன்றியது என்க.