மீட்பு என்னும் சொல்

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், பயணிகள் புலிக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் ஊட்டிப் படமெடுத்து மகிழ்ந்த மடாலயமொன்றிலிருந்து 2016-இல் 147 புலிகளை அரசு அகற்றியது. உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. மீட்பு என்றே உலகம் அதைப் போற்றிற்று. ஆயினும் 2019-க்குள் அரசுக் காப்பகங்களில் 86 புலிகள் மாண்டன. நெருங்கிய உறவுக்குள் இனம்பெருக்கப்பட்டமையால் நோய் தாங்கும் வலுவில்லை என்றனர் அதிகாரிகள். கூண்டுகளின் நெருக்கடியைச் சுட்டினர் மற்றவர்.

மீட்பது என்றால் இழந்ததைத் திருப்பித் தருவதன்றோ? தாயிடம் வேட்டை பயிலாத குட்டிக்குக் காட்டை யார் திருப்பித் தருவார்? இறைச்சியும் மருத்துவமும் விசாலமான வேலியும் பதினைந்து, இருபது ஆண்டுகள் தரலாம்; அவ்வளவே. நல்ல சரணாலயங்கள் அவற்றை இனம்பெருக விடுவதில்லை. கடுமைதான், எனினும் ஏற்கிறேன். இன்னொரு கைதி பிறப்பதை நம் கனிவு விரும்பலாகாது. குட்டியைத் தூக்கிக் கொஞ்ச வருவோரையும் அவை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன.