மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளை

வைத்தியரிடம் அம்மாவைக் கூட்டிச் செல்லும்போது மகனோ பேரனோ மொழிபெயர்ப்பது இலண்டன் வாழ் எம்மவரிடையே வழக்கம். அதைக் கடமை என்றே கருதுகிறோம். ஆனால் சிறுநீரை அடக்க முடியவில்லை என்பதைப் பன்னிரண்டு வயதுப் பேரனிடம் எந்த அம்மம்மா சொல்வார்? "கால் உளைவு" என்று முடித்துவிடுவார். வைத்தியர் சொல்லும் கெட்ட செய்தியையும் நாம் பாதி விழுங்கிவிட்டே சொல்கிறோம், அன்பினால்தான். எனினும் நோய் அவருடையதல்லவா? ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கூட இங்கே தமது உடம்பைப் பற்றித் தாமே பேசாதவராகிறார்.

என்.எச்.எஸ். சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகப் பெறலாம். நேரம் பதியும்போதே "தமிழ்" என்று கேட்கவேண்டும். சிறுவரை இதற்குப் பயன்படுத்தலாகாது என்றே என்.எச்.எஸ். இங்கிலாந்தின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டலும் கூறுகிறது. ஊர்ச்சனம் அறிந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தொலைபேசிவழி மொழிபெயர்ப்பு உண்டு. பேசுபவர் எம் முகம் காணார். நாம் பக்கத்தில் இருக்கலாம். அம்மா வெளியே நிற்கச் சொன்னால், வெளியே நிற்கவும் வேண்டும்.