பழுது பார்த்தல் என்னும் அறம்

ஒரு பொருள் பழுதுபட்டால் அதனைச் சீர்செய்து வைத்துக்கொள்வதா, எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துப் பணத்தைப் பற்றியதாகவே தோன்றும். கையில் உள்ளவர் புதிது வாங்குவார். இல்லாதவர் பழையதை வைத்துக் காலந்தள்ளுவார். இதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். வேலை உண்டு என்பதே நமது கருத்து. இக்காலத்து நகர வீடுகளில் இடம் பிடித்துவரும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும், கொல்லிமலையின் சிற்றூர்களில் சாமை உமி நீக்கும் இயந்திரத்தையும் அருகருகே வைத்து இதனை ஆராய்வோம்.

பாத்திரம் கழுவும் இயந்திரம் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் அம்மையார் 1886-ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது பலரது கருத்தையும் கவர்ந்தது. பணியாட்கள் கழுவும்போது தம் உயர்ந்த பீங்கான் தட்டுகளின் விளிம்பு சிதைவதைப் பொறாமலேயே அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதுவோர் கூறுவர். தட்டுக்கு இரங்கிய உள்ளத்தில் பிறந்த கருவி, காலப்போக்கில் கைக்கு இரங்கும் கருவியாயிற்று. நம் நாட்டில் 2020-இல் ஊரடங்கின்போது வீட்டு வேலைக்கு ஆள் வர இயலாத நிலை ஏற்படவே, நகரங்களில் அதன் விற்பனை பெருகிற்று.

இனி, கொல்லிமலைக்கு வருவோம். நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய மலை அது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் மலை. அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் சாமை, தினை, வரகு, கேழ்வரகு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து உண்டு வந்தனர். கேழ்வரகுக்கு உமி நீக்கும் தொல்லை இல்லை; மாவாக்கினால் போதும். சாமையும் தினையும் அவ்வாறானவை அல்ல. மணி மிகச் சிறிது; உமியோ அதனை இறுகப் பற்றியிருப்பது. வெயிலில் உலர்த்தி, உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்தாலன்றி ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறாது. இவ்வேலை பெண்களின் தோள்மீதே விழுந்தது. மரவள்ளி முதலிய பணப்பயிர்கள் பரவி, நியாயவிலைக் கடை அரிசியும் எளிதிற் கிடைக்கத் தொடங்கியபோது, சிறுதானியம் வயல்களை விட்டு விலகலாயிற்று. அவ்விலகலுக்குக் காரணங்கள் பல; உலக்கை பிடித்த கைகளின் களைப்பும் அவற்றுள் ஒன்று.

1988-இல் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களிலிருந்து அம்மலை மக்களிடையே பணியாற்றத் தொடங்கியது. விதையை மட்டும் காத்தால் போதாது, குத்தும் துன்பத்தையும் நீக்கினால்தான் சாமை மீண்டும் அடுப்பேறும் என்பதை அது கண்டது. உமி நீக்கும் இயந்திரமும் மாவரைக்கும் இயந்திரமும் ஊர்களுக்கு வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பு சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது மேடைகளில் எழுந்த புகழுரைகளைவிட, ஓர் ஊரில் ஓடும் ஒரு சிறு இயந்திரம் சிறுதானியத்துக்குச் செய்யும் தொண்டு பெரிது.

ஆனால் ‘ஓடும்’ என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பெல்ட் அறுந்தாலும், சல்லடை தேய்ந்தாலும், மோட்டார் புகைந்தாலும் மலைமேல் இயந்திரம் நின்றுவிடும். அதனைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இல்லையெனில், 70 வளைவுகளையும் இறங்கி ஆளையோ பாகத்தையோ தேடிவர வேண்டும். அதுவரை அவ்வூர்ப் பெண்களுக்கு இரண்டே வழிகள்: மீண்டும் உலக்கையை எடுப்பது, அல்லது சாமையைக் கைவிடுவது. ஆகவே அங்கே பழுது பார்த்தல் என்பது சிக்கனத்தின் பாற்பட்டதன்று. ஒருமுறை இறக்கி வைக்கப்பட்ட சுமையை மீண்டும் அதே தோளில் ஏற்றாதிருக்கும் கடமை அது.

கையின் துன்பத்தை நம் மார்க்கம் சிறிதாகக் கருதியதில்லை. திரிகை சுற்றிச் சுற்றிக் கையில் தழும்பேறிய நிலையில் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள், தமக்கோர் உதவியாள் வேண்டித் தந்தையாரின் இல்லம் சென்ற வரலாற்றை நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிவர். அன்றிரவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மகளின் இல்லத்துக்கு நேரில் வந்து, உறங்கச் செல்லுமுன் ஓதுவதற்குரிய திக்ருகளைக் கற்றுக்கொடுத்தார்கள். திண்ணைத் தோழர்கள் பசித்திருக்க உங்களுக்கு எவ்வாறு தருவேன் என்னும் கருத்துப்பட அண்ணலார் விடையளித்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. இதனை ஓதிவிட்டுத் திக்ரின் சிறப்போடு நிறுத்திக்கொள்வது வழக்கம். இன்னொரு பாடமும் அதில் உண்டு: துன்பம் கேட்கப்பட்டது, ஆயினும் உதவி, தேவை மிகுந்தவரைச் சார்ந்தே வரிசைப்படுத்தப்பட்டது. இன்றைய சந்தையோ விலை கொடுக்க வல்ல கையைத்தான் முதலில் தேடுகிறது. மிகுதியாகத் தழும்பேறிய கையை அது தேடுவதில்லை. இதனை உணர்ந்தவர், தம் வீட்டுக்கு வந்த இயந்திரத்தை ஒரு நிஃமத்தாகக் கருதுவார். நிஃமத்தாகக் கருதியவர் அதனை எளிதில் குப்பையில் எறியார்.

சொற்களே இவ்வுண்மைக்குச் சான்று பகரும். அரபு மொழியில் ‘இஸ்லாஹ்’ என்னும் ஒரே சொல், கெட்ட பொருளைச் சீர்செய்வதையும் பிரிந்த மனிதரை இணக்குவதையும் குறிக்கும். அதன் எதிர்ச்சொல் ‘ஃபஸாத்’. தமிழிலோ ‘பழுது பார்த்தல்’ என்கிறோம். நீக்குதல் என்னாமல் பார்த்தல் என்றனர் முன்னோர். முதலில் பார்க்க வேண்டும். எது கெட்டது, எவ்வளவு கெட்டது என்று அறியவேண்டும். பாராமல் எறிவதே இஸ்ராஃபின் தொடக்கம்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். நீரைச் சூடாக்கி, பம்பின் விசையால் சுழலும் கைகளின் துளைகள் வழியே பாத்திரங்கள்மீது பாய்ச்சுவதே அதன் வேலை. அது சரியாகக் கழுவவில்லை என்று புகார் எழுமிடத்து, வடிகட்டியில் சோற்றுப்பருக்கை அடைத்திருக்கலாம். சுழலும் கையின் துளைகளில் உப்புப் படிந்திருக்கலாம். நீரை மென்மையாக்குவதற்கென இடவேண்டிய உப்பு தீர்ந்திருக்கலாம். நம் பகுதிகளின் கடின நீருக்கு இவை இயல்பான குறைகள். கழுவித் துடைத்தாலோ உப்பு இட்டாலோ நீங்குபவை. வடிகால் பம்போ கதவின் ரப்பரோ கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். இவற்றுள் எதையும் பாராமல் புதியதற்கு ஆணையிடுவது, தலைவலி கண்டவனுக்குக் கபன் துணி வாங்குவதை ஒக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. பழைய இயந்திரம் நீரையும் மின்சாரத்தையும் மிகுதியாக உண்ணும். அதைத் தாங்கிப் பிடிப்பதே வீண்விரயமாகாதா என்பர். சில வேளைகளில் ஆகும். முதன்மையான பாகம் முற்றிலும் கெட்டு, சீர்செய்யும் செலவு புதியதன் விலையை எட்டுமானால், மாற்றுவதே நேர்மையான கணக்கு. ஆயினும் அக்கணக்கில் ஒரு வரியை நாம் மறக்கிறோம்: புதிய இயந்திரத்தின் எஃகும் செம்பும் பிளாஸ்டிக்கும் மண்ணைத் தோண்டியும் நெருப்பில் உருக்கியும் பெறப்பட்டவை. மாதந்தோறும் வரும் மின் கட்டணம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நெருப்பு தெரிவதில்லை. தெரியாததையும் சேர்த்து எழுதுபவனே உண்மைக் கணக்கன்.

வாங்குபவர்மீது மட்டும் இக்கடமையைச் சுமத்துவதும் நீதியாகாது. பாகம் கிடைக்காத பொருளை எவர் சீர்செய்வார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மாற்றுப் பாகங்களை அந்த மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும், பாகத்துக்கேற்ப 7 அல்லது 10 ஆண்டுகளுக்கு வழங்கவேண்டும் என்று உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்துகிறது. நம் நாட்டில் 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை குறித்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. அக்குழு எடுத்துக்கொண்ட துறைகளுள் வீட்டுச் சாதனங்களும் உண்டு, வேளாண் கருவிகளும் உண்டு. நகரத்துச் சமையலறையும் மலையூரின் அரைவைக் கூடமும் ஒரே உரிமையின்கீழ் வந்து நிற்பது கவனிக்கத்தக்கது. பொருளின் குறையை மறைத்து விற்றல் கூடாது என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் ஊன்றிய விதி. சீர்செய்ய இயலாதவாறு செய்யப்பட்டிருப்பதும் ஒரு குறையே. அதனை மறைத்து விற்பதும் ஏமாற்றே என நாம் கருதுகிறோம்.

எனவே, வாங்குமுன் ‘இது கெட்டால் யார் பார்ப்பார், பாகம் எங்கே கிடைக்கும்’ என்று கேட்போம். கெட்டபின் முதலில் பார்ப்போம். பார்க்க வரும் தொழிலாளியிடம் கூலிக்குப் பேரம் பேசாதிருப்போம். புதிது வாங்கும் கடையில் பேரம் பேசத் துணியாத நாம், அவரிடம் மட்டும் கெட்டிக்காரராக வேண்டியதில்லை. மாற்றியே ஆகவேண்டுமெனில், பழையதைச் சீர்செய்து ஆளவல்லவர் கையில் சேர்ப்போம். அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டவர்கள். தைத்த செருப்பை அணிவதில் அவர்களுக்கு இழிவு இருந்ததில்லை. நமக்கும் இருக்க வேண்டியதில்லை.