நாணயத்தின் முகம்

கிளவுதியு ரோமை ஆண்ட காலத்தில் (கி.பி. 41–54), செங்கடல் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஊழியன் காற்றில் அள்ளுண்டு இலங்கைக் கரையில் ஒதுங்கினான் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஒதுங்கிய துறை குதிரைமலை என்பது சிலருடைய துணிபு. அவன் கொண்டுவந்த வெள்ளிக் காசுகளை இங்கிருந்த அரசன் வாங்கிப் பார்த்தானாம். அவற்றில் வேறு வேறு பேரரசர்களின் முகங்கள். நிறுத்தால் எல்லாம் ஒரே எடை. அந்த நேர்மையில் அரசன் வியந்துபோனான். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற நமக்கு இந்தக் கதை விளங்கக் கஷ்டமில்லை.

ரோமரின் பொற்காசுகளில் முகத்துக்குப் பின்பக்கம் தெய்வங்கள் நின்றன. சிறகு முளைத்த வெற்றித் தேவதை அதிலே முக்கியமானவள். ரோமர் கிறிஸ்தவரான பிறகும் அவள் போகவில்லை. கையிலே சிலுவை ஏறியது. ஆறாம் நூற்றாண்டில் முதலாம் யுஸ்தீன் காலத்தில் அவளே ஆண் வடிவ வானவராக மாறினாள். நமது வட இலங்கையிலும் கந்தரோடை போன்ற இடங்களில் நீள்சதுரத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் யானைகள் நீராட்டும் இலட்சுமி, மறுபக்கம் சுவஸ்திகம்.

அப்படியானால் உருவம் பொறித்த காசை ஒரு முஸ்லிம் எந்த மனதோடு கையில் வைத்திருப்பது?

ரசூலுல்லாஹ்வின் காலத்து அரேபியாவில் புழங்கிய தங்கக் காசு ரோமருடையது. மன்னனும் சிலுவையும் இருக்கும். வெள்ளிக் காசு பாரசீகருடையது; நெருப்புப் பீடம் இருக்கும். கொடுக்கல் வாங்கலும் ஸகாத்தும் அவற்றில்தான் நடந்தன. ஹிஜ்ரி 77இல்தான் (கி.பி. 696–97) கலீஃபா அப்துல் மலிக் எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். அதற்கு முந்திய சில வருடங்கள் அவரே வாளோடு நிற்கும் உருவமும் காசில் வந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு மாலை. தண்ணீரூற்றில் எங்கள் மூத்தும்மாவிடமிருந்து உம்மாவுக்கு வந்தது. பவுண் காசு கோத்தது. பிரித்தானியப் பவுணின் ஒரு பக்கம் குதிரையேறி நாகத்தைக் கொல்லும் ஜோர்ஜ். பிஸ்துருச்சி என்பவர் 1817இல் செதுக்கியது. ஒரு புராணத்தைத்தான் நம் பெண்கள் தலைமுறையாகக் கழுத்தில் போட்டிருந்தார்கள்.

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, பெரும்பாலானோரிடமிருந்து நகையும் பறிபோனது. உம்மா முதல்நாள் இரவே மாலையைப் பக்கத்து வளவு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். 2002இல் பாதை திறந்த பிறகு போனோம். இலட்சுமி படத்துக்குப் பின்னாலிருந்து துணிமுடிச்சை எடுத்து, "அக்கா, எண்ணிப் பாருங்கோ" என்றார் அவர். உம்மா எண்ணவில்லை.

புத்தளத்தில் எங்கள் குடும்பத்து இளைஞர் ஒருவர், மாலையை உருக்கிவிட வேண்டும் என்றார். உருவமும் இருக்கிறது, சிலைப் படத்துக்குப் பின்னாலும் கிடந்திருக்கிறது என்பது அவருடைய வாதம். அவருடைய ஈமானை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் ஆலு இம்ரானின் 75ஆம் வசனத்தை அவருக்கு நினைவூட்டினேன். வேதக்காரரில் பொற்குவியலை நம்பி ஒப்படைத்தாலும் திருப்பித் தருபவர் உண்டு, ஒரு தீனாரையும் தராதவர் உண்டு என்பது அதன் கருத்து. அந்த வசனம் இறங்கிய நாளில் தீனாரில் சிலுவை இருந்தது. பேச்சோ அமானிதத்தைப் பற்றியது. பக்கத்து வளவு அம்மா வேதக்காரர் அல்ல என்று அவர் மறுத்தார். அந்த வசனம் அளப்பது மனிதரின் நடத்தையை என்றுதான் நான் விளங்கியிருக்கிறேன்.

பிளினியின் அரசனிடமும் எனக்கொரு குறை உண்டு. எடை சரியாக இருந்தால் போதுமென்று அவன் நினைத்துவிட்டான். 1990இல் நகையைப் பறித்தவர்களும் முகத்தைப் பார்க்கவில்லை, எடையைத்தான் பார்த்தார்கள். துணிமுடிச்சைப் பன்னிரண்டு வருடம் காத்தவருக்கும் அதன் எடை தெரியும்.

இளைஞர் இன்னமும் என் நியாயத்தை ஏற்கவில்லை. உருக்கினால் சேதாரம் போகும் என்று உம்மா சொன்னதற்குத்தான் அடங்கினார்.