விரதம் முறிந்தவனை யாது செய்வது?

மதுவை விடுவேன் என்று சத்தியஞ் செய்தவன் மீண்டும் குடித்தானாயின், அவனை நாம் யாதென்று கொள்ளல் வேண்டும்? பொய்யன் என்பதா, நோயாளன் என்பதா? இவ்வினாவைக் கல்லடியிலே வாழும் எம்முன் ஒருவர் நேரே கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு யாம் அன்று கூறிய விடை பிழையானது. அப்பிழையை ஆசிரிய அன்பர்கட்கு எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் வாவியில் தோணி தள்ளி வலை வீசிச் சீவிப்பவர். அவருடைய மைந்தன் அப்பொழுது எம்மிடம் ஐந்தாம் வகுப்பிற் கற்றான். வைகாசித் திங்களிலே, கண்ணகையம்மன் குளிர்த்தி நாளன்று, இனிக் கசிப்பும் சாராயமும் தொடேன் என்று கர்ப்பூரச் சுடரை அணைத்துச் சத்தியஞ் செய்தார். ஊரார் மகிழ்ந்தனர், யாமும் மகிழ்ந்தோம். மறுநாள் அவர் கைகள் நடுங்கின. மூன்றாம் நாள் இல்லாத பாம்புகளைச் சுவரிலே கண்டு அலறினார். மனைவியின் முகமும் அவருக்குத் தெரியவில்லை. அம்மன் சோதிக்கின்றாள் என்றனர் சிலர். பழைய குற்றத்துக்குத் தண்டனை என்றனர் வேறு சிலர். ஈற்றில் உறவினர் ஒருவர் அஞ்சி ஒரு மிடறு சாராயத்தை வாயில் ஊற்ற, நடுக்கம் தணிந்தது. அத்துடன் சத்தியமும் போயிற்று.

சில நாட் கழித்து, மைந்தனைப் பற்றி விசாரிக்க அவர் பாடசாலை வாயிலுக்கு வந்தார். “அம்மன் முன்னே செய்த சத்தியத்தை முறித்தவர் பிள்ளைக்கு எந்த ஒழுக்கத்தைக் காட்டப் போகின்றீர்?” என்று பலர் கேட்க யாம் வினவினோம். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் ஓராண்டு அவ்வாயிலை மிதிக்கவுமில்லை. பையனும் வரவு குறைந்து பின்தங்கினான்.

இனி, அம்மூன்றாம் நாள் நிகழ்ந்தது யாது என்பதை ஆராய்வோம். மது மூளையின் எழுச்சியை அடக்கும் இயல்பினது. நாடோறும் அளவிறந்து அதனை உட்கொள்வோனுடைய மூளை, அவ்வடக்குதலுக்கு ஈடாகத் தன் எழுச்சியைத் தானே மிகுவித்துக்கொண்டு ஒருவாறு சமநிலையில் நிற்கின்றது. ஒரு பக்கத்துப் பாரத்தைத் திடீரென எடுத்துவிட்டால் தராசு மறுபக்கம் சாய்தல்போல, மது நின்றவுடன் அம்மிகை எழுச்சி மாத்திரம் எஞ்சி நிற்கும். சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சன்னிபோன்ற பிதற்றலும் தோன்றக்கூடும். எல்லார்க்கும் இவ்வளவு கடுமை நேர்வதில்லை; நேர்ந்தார்க்கு வைத்தியம் கிடையாவிடின் உயிர்க்கே இடையூறாம். வைத்தியசாலையிலே, எழுச்சியைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தும், தயமின் என்னும் உயிர்ச்சத்தை ஏற்றியும் இதனைக் கடப்பிக்கின்றனர். ஆகவே அம்மனின் கோபம் என்று ஊரார் கொண்டதும், மனவுறுதியின்மை என்று யாம் கொண்டதும் இரண்டும் தவறு. நெடுநாட் பெருங்குடியனை வைத்தியரைக் காணாமல் ஒரே நாளில் விட்டுவிடு என்று தூண்டுதல் அவனை ஆபத்திலே தள்ளுதலாகும். இதனைக் கோயிற் குருக்களும் ஆசிரியரும் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும்.

திருக்குறளைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் அதிகார வைப்பினை ஒருகாற் கூர்ந்து நோக்குக. புலால் மறுத்தலையும் கள்ளாமையையும் அறத்துப்பாலில் வைத்த நாயனார், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலிலே, தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக வைத்தார். அதனை அடுத்துச் சூது. சூதினை அடுத்து மருந்து. அவர் கருத்து இன்னதென வலிந்து பொருள்கொள்ள யாம் துணியோம். எனினும் கள்ளுக்கு அப்பால் இரண்டாம் அதிகாரமாக மருந்து நிற்றலைக் காணுந்தோறும் எமக்கு அந்த மூன்றாம் நாள் நினைவுக்கு வருகின்றது.

நோய் என்று கூறிவிட்டால் குடிப்பவனுக்குப் பொறுப்பே இல்லையா என்று அன்பர் சிலர் சினந்து கேட்பர். அச்சினம் நியாயமானது. அடிபடும் மனைவிக்கும் பசித்திருக்கும் பிள்ளைக்கும் “அது நோய்” என்னும் சொல் சோறு ஆகாது. யாம் கருதுவது இது: நீரிழிவு வந்தமைக்காக ஒருவனை நாம் ஏசுவதில்லை, வந்தபின் மருந்துண்ணலும் பத்தியங் காத்தலும் அவன் கடன் என்று வற்புறுத்துகின்றோம். 2000ஆம் ஆண்டிலே அமெரிக்க மருத்துவர் சிலர் இவ்வொப்புமையையே அளந்து நோக்கினர். போதைக்கு அடிமையானோர் சிகிச்சைக்குப்பின் மீண்டும் அதில் வீழும் அளவு, குருதி அழுத்தமும் ஈளையும் உடையோர் மருந்தைக் கைவிட்டு மீண்டும் நோய்ப்படும் அளவினின்று பெரிதும் வேறுபட்டதன்று என்று கண்டனர். ஈளை மீண்டவனை நாம் சத்தியம் முறித்தவன் என்று சொல்வதில்லை.

ஆணவம் ஒரு பிறவியிலும் எளிதில் நீங்குவதன்று என்று மாணாக்கர்க்கு விரித்துரைக்கும் யாம், கள்ளின் கட்டு மாத்திரம் ஒரு கர்ப்பூரச் சுடரிலே அற்றுவிடல் வேண்டும் என்று எதிர்பார்த்தது எங்ஙனமோ!

கடிந்துரை பயன்றருமா என்பதையும் ஆராய்ந்தோர் உளர். அமெரிக்காவிலே நியூமெக்சிக்கோவைச் சார்ந்த வில்லியம் மில்லர் என்பாரும் அவர் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, சிகிச்சையாளர் குடிப்பவனை எவ்வளவுக்கு எதிர்த்து மடக்கிப் பேசினரோ, அவ்வளவுக்கு அவன் ஓராண்டின்பின் மிகுதியாகக் குடித்தமை புலனாயிற்று. இதனைப் படித்த அன்று பாடசாலை வாயிலும், தலைகுனிந்து திரும்பிய அம்மனிதரின் முதுகும் எம் கண்முன் நின்றன.

சூழலின் வலிமைக்கு வேறொரு சான்று உண்டு. வியட்நாம் போரிலே அமெரிக்கப் போர்வீரருள் ஐவரில் ஒருவரளவினர் அபினினத்துப் போதைக்கு அடிமையாயிருந்தனர். 1971இல் நாடு மீண்டோரை லீ றொபின்ஸ் என்னும் அம்மையார் தொடர்ந்து விசாரித்தபொழுது, அங்ஙனம் அடிமையாயிருந்தோருள் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவரளவினரே. போரும் அச்சமும் மலிந்த மருந்தும் கூட்டாளிகளும் பின்னே நின்றுவிட்டன. வீடும் தொழிலும் முன்னே வந்தன. எம்மவர்க்கோ இந்நிலை இல்லை. அவர் வலையை இழுத்துக் கரையேறும் இடத்திலிருந்து தவறணைக்குப் போகும் வழி அதே வழி. உடன்வருவோரும் அதே தோழர். 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை கல்லடிக் கரையை அழித்தது. 2009 வரை யுத்தம் நீடித்தது. அவற்றில் உற்றாரை இழந்தோர் துயரைக் கரைக்கத் தேடிய வழிகளுள் இதுவும் ஒன்று. அவருக்கோ போய்ச் சேர வேறு தேயம் இல்லை. ஆதலின் தேயத்தை மாற்றவியலாத இடத்து, வழியையும் வேளையையும் தோழமையையும் சிறிதுசிறிதாக மாற்றுதலே எஞ்சியுள்ளது.

இதனை யார் செய்வது? மனநோய் வைத்தியர் தொகை மிகச் சிறிது. ஈண்டுத்தான் கோவாவிலே நிகழ்ந்த ஆராய்ச்சி ஆசிரியர்க்கு மிக உரியதாகின்றது. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலே, தீங்கு பயக்கும் அளவிற் குடிக்கும் ஆடவர் 377 பேரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான கவனிப்பு. மற்றைப் பிரிவினர்க்கு அதனோடு, வைத்தியர் அல்லாத, சிறிது காலம் பயிற்றப்பெற்ற உள்ளூர் மக்கள் சில அமர்வுகளிலே உரையாடி உதவினர். உபதேசம் செய்திலர். உமக்கு இதனால் யாது குறை, யாது பயன், எப்பொழுது அவா மிகும், அப்பொழுது யாது செய்வீர் என்று கேட்டு, விடையைக் குடிப்பவன் வாயினின்றே வருவித்தனர். 2017இல் இலான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த முடிபின்படி, மூன்று மாதத்தில் தீய அளவினின்று நீங்கினோர் உரையாடல் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 36, மற்றதில் 26. இவ்வேறுபாடு சிறிதே, மிகைப்படுத்தல் வேண்டா. ஆயினும் ஓராண்டு கழிந்தபொழுது அது தேயவில்லை. நூற்றுக்குப் பதின்மர் என்பது ஒரு வகுப்பிலே மூன்று நான்கு பிள்ளைகளின் தந்தையர் என்று எண்ணிப் பார்க்க.

மருந்துகளும் உள. நல்றெக்சோன் என்பது மதுவின் இன்பத்தைக் குறைத்து வேட்கையைத் தணிப்பது; அமெரிக்காவில் 1994 முதல் இதற்கென இசைவு பெற்றது. ஹெரோயினுக்கு மெதடோன், பியூப்பிரனோர்பின் என்பன கொடுக்கப்படுகின்றன. ஒரு போதைக்கு மற்றொரு போதையா என்று முதலில் யாமும் முகஞ்சுளித்தோம். சாவைக் குறைத்தமை நன்கு துணியப்பட்டதால் உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் அவற்றை இன்றியமையா மருந்துகளின் நிரலிற் சேர்த்தது. இப்பொழுது இளைஞரிடைப் பரவும் ஐஸ் என்னும் பொருளுக்கோ அத்தகைய மருந்து இல்லை. அதற்கு ஓரளவு பயன்படுவது, போதையின்றி இருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு பரிசு வழங்கும் முறை. நல்லொழுக்கத்துக்குக் கூலியா என்று கேட்போர், நமது பரிசளிப்பு விழாக்களை நினைவு கூர்க.

புகையிலையை ஆசிரியர் அறையிலே பேசுதல் சற்று இடர்ப்பாடானது. சிகரெட்டும் வெற்றிலைப் புகையிலையும் அவ்வறைக்குப் புதியன அல்ல. துணையேதுமின்றிப் புகையை விட முயல்வோருள் ஆறு மாதமோ ஓராண்டோ நிலைத்து நிற்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையினரே என்பது பல ஆராய்ச்சிகளின் முடிபு. ஏனையோர் முறிந்தோரே. பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சர்ட் டோல் குழுவினர் 2004இல் கூறியவாறு, முப்பது வயதில் விட்டவர் ஏறக்குறையப் பத்தாண்டு ஆயுளையும், அறுபதில் விட்டவர் மூன்றாண்டையும் மீளப் பெறுவர். எனவே எட்டாம் முறை முயல்வதும் வீணன்று. எம்முள் ஒருவர் தைப்பொங்கல்தோறும் சிகரெட்டை விட்டு மாசிக்குள் மீண்டும் தொடங்குபவர். அவரை எவரும் சத்தியம் முறித்தவர் என்று வாயிலில் நிறுத்திக் கேட்டதில்லை. அவர் கழுத்துப்பட்டி அணிந்தவர்.

தோணிக்காரரிடம் யாம் பின்பு சென்றோம். மாலையிலே வாவிக்கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தார். முன்னர்ப் பேசியதற்கு வருந்துகின்றோம் என்று கூறினோம். அவர் நம்பினாரோ இல்லையோ அறியோம். மறுபடி சத்தியஞ் செய்யுமாறு கேட்கவில்லை. எந்த நாள் மிகக் கடினம் என்று மாத்திரம் கேட்டோம். நெடுநேரம் கழித்து, “மீன் வித்த காசு கையில் வாற நாள்தான், சேர்” என்றார். அக்காசை முதலாளியிடம் மனைவி பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். கிழமை ஒன்று சென்றபின் மனைவியுடன் வந்து, வைத்தியசாலைக்குத் தம்மோடு வர எமக்கு எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டார். இருமுறை சென்றுவந்தோம். அதன்பின் ஐந்து மாதம் குடியாதிருந்தார். ஆறாம் மாதம் ஒருநாள் குடித்தார். மறுநாட் காலையிலே தாமே வந்து அதனைச் சொன்னார். பையன் இப்பொழுது நாடோறும் பாடசாலைக்கு வருகின்றான்.